பெயர் யார் கையில்?

கோலார் தங்கவயலில் ஒரு வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் எந்த லைன், எத்தனை அறை என்பதோடு விசாரணை முடியாது. வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இந்தச் சுரங்கங்களுக்கு வந்த பிறகு வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வேலைக்கு வந்த சனம், கம்பெனி கொடுத்த லைன் வீடுகளில் குடியேறியது. அங்கேயே பிள்ளைகள் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள். சொந்தக் காசில் வெள்ளையடித்தார்கள், முன்பக்கம் தகரம் இறக்கினார்கள். பத்திரம் மட்டும் கம்பெனியிடம் இருந்தது. சுரங்கங்களைப் பிற்காலத்தில் நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபோது வேலை போன கவலைக்கு அடுத்து வந்த கவலை, குடியிருக்கும் வீடு இனி யாருடையது என்பதுதான். ராபர்ட்சன்பேட்டையில் உட்கார்ந்து கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் வலைத்தளம் அமைத்துக் கொடுக்கும் நான், டொமைன் என்றால் என்னவென்று விளக்க இந்த ஊரில் வேறு உதாரணம் தேடியதில்லை. "பக்கத்தை எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் செய்யலாம், அண்ணே. பெயர் யார் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்" என்றால் எதிரில் இருப்பவருக்கு உடனே புரிந்துவிடும்.

"வெப்சைட் வாங்கிவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். எதை வாங்கினார்கள் என்று கேட்டால் தெளிவான பதில் வராது. ஏனென்றால் அதில் மூன்று தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று டொமைன், அதாவது பெயர். இரண்டாவது ஹோஸ்டிங்: பக்கங்களும் படங்களும் உட்கார்ந்திருக்கும் சர்வரில் ஓர் இடம். மூன்றாவது அந்தப் பக்கங்களே. மூன்றையும் மூன்று இடத்தில் வாங்கலாம், ஒன்றை மாற்றாமல் மற்றொன்றை மாற்றலாம். ஹோஸ்டிங் சரியில்லையென்றால் இன்னோர் இடத்துக்குப் போகலாம். பக்கங்கள் பழசாகிவிட்டால் அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம். பெயர் கைவிட்டுப் போனால் மட்டும் விசிட்டிங் கார்டு, கடைப் பலகை, ரசீது புத்தகம், வாடிக்கையாளர் போனில் சேமித்து வைத்த லிங்க் எல்லாம் ஒரே நாளில் பொய்யாகிவிடும். அதனால் மூன்றிலும் விலை குறைந்த அந்தப் பெயரைத்தான் நான் முதலில் பத்திரப்படுத்துகிறேன்.

பெயரையும் யாரும் நிரந்தரமாக வாங்க முடியாது. இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. உலகளவில் பெயர் முறையை ஒழுங்குபடுத்துவது 1998-இல் தொடங்கிய ஐகான் என்ற அமைப்பு. அதற்குக் கீழே ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு ரெஜிஸ்ட்ரி உண்டு. நம் 'டாட் இன்' 1989-இலேயே இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டது. 2005-இலிருந்து அதை நிக்ஸி என்ற தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனம் நடத்துகிறது. கடைக்காரர் நேராக நிக்ஸியிடம் போய்ப் பெயர் வாங்க முடியாது. நடுவில் ரெஜிஸ்ட்ரார் என்ற முகவர் நிறுவனங்கள் இருக்கின்றன, அவர்களிடம்தான் பதிவு. ஒரு வருடத்துக்குப் பதியலாம், ஒரே தடவையில் பத்து வருடம் வரைக்கும் பதியலாம், அதற்கு மேல் கிடையாது. காலம் முடிவதற்குள் பணம் கட்டினால் பெயர் உங்களிடம் தொடரும். முதல் வருடம் மலிவாகக் கொடுத்துவிட்டு ரினியூவலில் பல மடங்கு கேட்கிற வழக்கம் இருப்பதால், விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் விலையைப் பார்க்காமல் இரண்டாம் வருட விலையைப் பாருங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

பதிவு செய்யும்போது ஒரு படிவம் வரும். உரிமையாளர் பெயர், மின்னஞ்சல், கைப்பேசி எண். இந்த மூன்று கட்டங்களில்தான் எல்லாமே இருக்கிறது. ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் கல்யாண ஆல்பங்களைக் காட்ட வலைத்தளம் வைத்திருந்தார். செய்து கொடுத்தவர் வேலை தெரிந்தவர், பக்கங்களும் நன்றாகவே இருந்தன. ஆனால் படிவத்தில் தன் மின்னஞ்சலையும் தன் நம்பரையும் போட்டுவிட்டு, பிறகு வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். ரினியூவல் நினைவூட்டல்கள் அந்த மின்னஞ்சலுக்கே போய்க்கொண்டிருந்தன, ஓடிபி அணைந்துபோன சிம்முக்குப் போனது. ஸ்டுடியோக்காரரிடம் வருடாவருடம் பணம் கொடுத்த ரசீது இருந்தது. பெயருக்கு உரிமை காட்டும் ஒரு துண்டும் இல்லை. நல்லவேளையாக அந்த மனிதரின் அண்ணன் மாரிகுப்பத்தில் இருந்தார். அவர் மூலம் ஆளைப் பிடித்து, வாட்ஸாப்பில் ஓடிபி வாங்கி, உரிமையாளர் விவரத்தை மாற்றிய பிறகுதான் வேறு எதையும் தொட்டேன். தளம் செய்து கொடுத்தவர் கெட்ட எண்ணத்தோடு இப்படிச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. இந்தத் தொழிலில் பெரும்பாலான பெயர்கள் வாடிக்கையாளர் கையை விட்டுப் போவது அவசரத்தால்தான். கடைக்காரருக்கு மின்னஞ்சல் இருக்காது, இருந்தாலும் கடவுச்சொல் நினைவில் இருக்காது; செய்பவர் தன்னுடையதைப் போட்டு வேலையை முடித்துவிடுவார். நான் அந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். மின்னஞ்சல் ஒன்றை அவர் கையாலேயே திறக்க வைத்து, அவர் போனிலேயே ஓடிபி வர வைத்த பிறகுதான் பதிவு.

பெயருக்காகக் கோர்ட்டு வரை போனவர்களும் உண்டு. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து 'சிஃபி' என்று ஒரு பெயரை உருவாக்கி, 1999-இல் டொமைன்களும் பதிந்தது. பிறகு இன்னொரு நிறுவனம் ஓர் எழுத்தைக் கூட்டி 'சிஃப்பினெட்' என்று பதிந்தது. வழக்கு பெங்களூர் சிவில் நீதிமன்றத்தில் தொடங்கி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் திசை மாறி, 2004 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் சத்யம் இன்ஃபோவேக்குச் சாதகமாக முடிந்தது. வணிகச் சின்னத்துக்குள்ள பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் கிடைக்கும் என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. ஆனால் இத்தனை படி ஏற நம் ஊர்க் கடைக்காரருக்குத் தெம்பு கிடையாது. டாட் இன் பெயர்த் தகராறுகளுக்கு நிக்ஸியின் நடுவர் முறை தனியாக இருக்கிறது, அதற்கும் கட்டணம் உண்டு. படிவத்தில் மூன்று கட்டங்களைச் சரியாக நிரப்புவதற்குச் செலவே இல்லை.

முகவரியைப் படிக்கத் தெரிவது இதைவிடவும் முக்கியம் என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது. ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்கள் வருடத்துக்கு ஒரு முறை உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். டிஜிட்டலில் அதற்கு ஜீவன் பிரமாண். அந்தச் சமயம் வந்தால் வாட்ஸாப்பில் விதவிதமான லிங்குகள் சுற்றத் தொடங்கும். போனைக் கொண்டுவந்து நீட்டி, "தம்பி, இது கவர்மெண்டுதானே? ஜிஓவி போட்டிருக்கே" என்பார்கள்.

"போட்டிருக்கு பெரியப்பா. ஆனா எங்க போட்டிருக்குன்னு பாருங்க."

பார்க்கும் முறை இதுதான். முன்னால் வரும் 'எச்டிடிபிஎஸ்', முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, இவற்றைத் தாண்டிவிடுங்கள். (அந்த இரட்டைச் சாய்கோடு உண்மையில் தேவையே இல்லை என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே 2009-இல் சொல்லிவிட்டார்.) அதற்குப் பிறகு முதன்முதலாக வரும் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடுங்கள். விரலை அங்கே வைத்து, வலமிருந்து இடமாகப் படியுங்கள். 'ஜீவன்பிரமாண் டாட் ஜிஓவி டாட் இன்' என்றால் கடைசியில் 'இன்', அதற்கு முந்தி 'ஜிஓவி'. இந்திய அரசு அமைப்புகளுக்கு மட்டும் கொடுக்கப்படும் முடிவு அது. வெளியாட்கள் காசு கொடுத்து வாங்க முடியாது. பெரியவர் காட்டிய லிங்கிலும் ஜீவன்பிரமாண், ஜிஓவி, இன் எல்லாம் வரிசையாக இருந்தன. ஆனால் அங்கே முகவரி முடியவில்லை. பிறகும் ஒரு புள்ளி, அறியாத ஒரு சொல், இன்னொரு புள்ளி, 'எக்ஸ்ஒய்இசட்' என்று போய்த்தான் சாய்கோடு வந்தது. ஆகவே அதன் சொந்தக்காரர் அந்த அறியாத சொல்லைப் பதிந்தவர். தன் பெயருக்கு இடதுபுறம் அவர் எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். அதற்குச் சப்டொமைன் என்று பெயர், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, காசும் இல்லை. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறு கோடு போட்டு 'ஜிஓவி-இன் டாட் காம்' என்று ஏமாற்றுவதும் உண்டு. கோடு பெயரின் உள்ளே ஓர் எழுத்து மாதிரிதான். புள்ளி மட்டுமே பிரிக்கும்.

பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்று நம்மில் பலர் கற்றுக்கொண்டோம், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எல்லோருக்கும் சொன்னேன். போனுக்கும் சர்வருக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மட்டுமே அந்தப் பூட்டு உத்தரவாதம். மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது. 2015-இலிருந்து அந்தச் சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால் திருடனும் பூட்டு மாட்டிக்கொள்கிறான். இதனாலேயே குரோம் 2023-இல் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறொரு சின்னம் வைத்தது. வங்கிகள் விஷயத்தில் ரிசர்வ் வங்கி நல்ல காரியம் செய்தது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் 'பேங்க் டாட் இன்' என்ற முடிவுக்கு மாற வேண்டும் என்று உத்தரவு போட்டது. அந்தப் பெயர்களை ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற நிறுவனம் மட்டுமே பதிந்து கொடுக்கும். பென்ஷன் வாங்கும் பெரியவருக்கு நான் இனி சொல்ல வேண்டியது இரண்டே முடிவுகள்: அரசு என்றால் ஜிஓவி டாட் இன், வங்கி என்றால் பேங்க் டாட் இன். அவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொள்ள அவர்களால் நிச்சயமாக முடிகிறது.

பெயருக்குப் பின்னால் நடப்பது என்ன என்று கேட்கும் இளைஞர்கள் கடைக்கு வந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. இயந்திரங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஐபி என்ற எண் மட்டுமே. இணையத்தின் தொடக்கக் காலத்தில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியல் ஒரே ஒரு கோப்பில் இருந்தது. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் தலைமையில் இயங்கிய அலுவலகம் அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி சேர்ந்தால் அந்த அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் கோப்பைத் திரும்பத் திரும்ப இறக்கிக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வகுத்தார். முழுப் பட்டியலும் எவரிடமும் இருக்காது, ஒவ்வொருவரும் தனக்குக் கீழே உள்ளதை மட்டும் தெரிந்து வைத்திருப்பார்கள். உங்கள் போன் ஒரு டாட் இன் முகவரியைத் தேடும்போது, உங்கள் நெட்வொர்க்கின் சர்வர் முதலில் ரூட் சர்வரைக் கேட்கும். ஏ முதல் எம் வரை பதின்மூன்று பெயர்களில் அவை இருக்கின்றன. ரூட்டுக்குக் கடையைத் தெரியாது. "டாட் இன் சர்வரைக் கேள்" என்று கை காட்டும். டாட் இன் சர்வர், அந்தக் கடையின் நேம் சர்வரைக் கை காட்டும். நேம் சர்வர்தான் எண்ணைச் சொல்லும். இத்தனையும் கண் இமைப்பதற்குள் நடந்துவிடும். கேட்டு வந்த பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்வதால் அடுத்தவருக்கு இன்னும் சீக்கிரம் கிடைக்கும்.

அந்த நினைவுதான் ஹோஸ்டிங் மாற்றும்போது தொல்லை தரும். எண்ணை மாற்றியாகிவிட்டது, என் போனில் புதுத் தளம் தெரிகிறது, பெங்களூரில் வேலை பார்க்கும் கடைக்காரரின் மகனுக்குப் பழசே தெரிகிறது. ஒவ்வொரு பதிலோடும் அதை எத்தனை வினாடி நினைவில் வைக்கலாம் என்ற கணக்கும் போகும். மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே அந்தக் கணக்கைக் குறைத்து வைத்துவிட்டால் மாற்றம் சில நிமிடங்களில் எங்கும் பரவிவிடும். இன்னொன்று: அதே நேம் சர்வரில்தான் மின்னஞ்சல் எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற எம்எக்ஸ் பதிவும் இருக்கிறது. தளத்தை மட்டும் நினைத்துக்கொண்டு நேம் சர்வரை மாற்றுபவர்கள் இதை விட்டுவிடுவார்கள். தளம் அழகாகத் திறக்கும். பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டிய அட்மிஷன் விண்ணப்பங்கள் வராமலே போகும், ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். எனவே எதையும் தொடுமுன் பழைய பதிவுகள் முழுவதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். திரையைப் படம் எடுத்து வைத்தாலும் போதும்தான், கையால் எழுதும்போது ஒவ்வொரு வரியும் எதற்கு என்று யோசிக்க நேர்கிறது.

பெயர் தேர்வதில் எங்கள் ஊருக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. கேஜிஎஃப் என்ற மூன்று எழுத்து நூறு வருடத்துக்கு மேலாக எங்கள் ஊரின் பெயர். 2018-இல் கன்னடப் படம் வந்தது, 2022-இல் இரண்டாம் பாகம் வந்தது. இப்போது அந்த எழுத்துகளைத் தேடினால் ஊரைத் தாண்டிக்கொண்டு படம் நிற்கிறது. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் நிழலில் கடை வைத்திருப்பவர், கடைப் பெயரோடு கேஜிஎஃப் சேர்த்துப் பதிந்தால், தேடி வருகிறவர் பட நாயகன் யாஷின் முகம் போட்ட பனியன் விற்கும் கடைகளுக்கு நடுவில் இவரைத் தேட வேண்டியிருக்கும். ஆகவே ஊர்ப் பெயரை விட்டுவிட்டுப் பேட்டைப் பெயரைச் சேர்க்கச் சொல்கிறேன். அதிலும் எழுத்துக் குழப்பம் உண்டு. உரிகத்தை ஆங்கிலத்தில் எழுத இரண்டு மூன்று வழி இருக்கிறது. ராபர்ட்சன்பேட்டையின் கடைசியில் ஒரு 'இ' போடுபவர்களும் போடாதவர்களும் இருக்கிறார்கள். லட்சுமிக்குச் சிலர் 'கேஎஸ்எச்' போடுவார்கள், சிலர் ஒரு 'எக்ஸ்' போட்டு முடிப்பார்கள். நான் வைக்கும் பரீட்சை ஒன்றுதான்: கடைக்காரரை வெளியே அனுப்பி, அவர் உறவினர் யாருக்காவது போன் போட்டுப் பெயரை ஒரே தடவை வாயால் சொல்லச் சொல்வேன். அந்தப் பக்கம் இருப்பவர் எழுத்து எழுத்தாகக் கேட்காமல் தட்டச்சு செய்து அனுப்பியது சரியாக இருந்தால் அந்தப் பெயர் தேறிவிட்டது. எண்களும் நடுக்கோடும் இதில் பெரும்பாலும் தோற்றுவிடுகின்றன.

தமிழிலேயே பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்களைப் பார்த்தால் மனசுக்கு நிறைவாக இருக்கும். வைக்கலாம். தமிழ் எழுத்தில் முடிவுகள் மூன்று உண்டு: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர். கன்னட எழுத்தில் 'பாரத' என்ற முடிவும் இருக்கிறது. 1998-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீயின் குழு, ஆங்கிலமல்லாத எழுத்துகளிலும் டொமைன் இயங்கும் என்று செய்து காட்டியது. டிஎன்எஸ்ஸின் அடித்தளம் இன்றும் ஆங்கில எழுத்து, எண், நடுக்கோடு மட்டுமே ஏற்கும். அதனால் நீங்கள் தமிழில் தட்டியதை உலாவி உள்ளுக்குள் வேறு வடிவமாக மாற்றிக்கொள்கிறது. 'இந்தியா' என்ற முடிவு உள்ளே போனதும் 'எக்ஸ்என்', இரண்டு நடுக்கோடு, 'எக்ஸ்கேசி2டிஎல்3ஏ5இஇ0எச்' என்று ஆகிவிடும். சில செயலிகளில் லிங்கை நகலெடுத்து ஒட்டினால் இந்த முகம் வெளியே தெரியும், பார்த்தவர்கள் வைரஸ் என்று பயந்துவிடுகிறார்கள்.

அதைவிட நுட்பமான சிக்கல் 'ஸ்ரீ'. எங்கள் கடைத்தெருவில் ஸ்ரீ இல்லாத பலகைகளை எண்ணிவிடலாம். இந்த எழுத்தைக் கணினியில் இரண்டு வழியில் எழுதலாம்: 'ஸ'வில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ'வில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒன்றேபோல் தெரியும். இயந்திரத்துக்கு அவை வெவ்வேறு. ஒரு விசைப்பலகை முதலாவதைத் தரும், இன்னொன்று இரண்டாவதைத் தரும். வாடிக்கையாளர் சரியாகத்தான் தட்டினார், கடை திறக்கவில்லை. 'ஔ'வும், 'ஒ'வையும் 'ள'வையும் பக்கத்தில் வைத்ததும் இதே கதைதான். ஆகவே தமிழ்ப் பெயர் கேட்பவர்களுக்கு ஸ்ரீயை விட்டுவிட்டு மீதிப் பெயரை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், கூடவே ஆங்கில எழுத்தில் ஒன்றையும் பதிந்து இரண்டும் ஒரே தளத்துக்குப் போகும்படி செய்கிறேன். தமிழ் முகவரியைப் பலகையில் பெரிதாக எழுதிய கடைகள் இன்னும் நிறைய வர வேண்டும் என்பது என் ஆசை. புழக்கம் வந்தால்தான் செயலி எழுதுபவர்கள் இந்தக் குறைகளைத் திருத்துவார்கள்.

டொமைனுக்குப் பின்னால் சாய்கோட்டுக்கு அப்புறம் வருவதையும் நிதானமாக வைக்க வேண்டும். அங்கே பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் பல சர்வர்களில் வேறு வேறு. டொமைனில் மட்டும் எப்படி எழுதினாலும் ஒன்றுதான். பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே ஒரு கட்டுரையில், நல்ல முகவரி மாறாது என்று வாதாடினார். ஆசிரியர் பெயர், மென்பொருள் பெயர் எதையும் முகவரிக்குள் புகுத்தாமல் விட்டால் பத்து வருடம் கழித்தும் மாற்றக் காரணம் இருக்காது. அச்சடித்த கியூஆர் கோடு பரவிய பிறகு இது எனக்கு அன்றாடப் பாடம். கல்யாண மண்டபத்தின் சுவரில் ஒட்டிய கோடு பழைய முகவரிக்குப் போனால் சுவரை யார் சுரண்டுவது? தளத்தைப் புதுப்பித்தாலும் பழைய முகவரிகளிலிருந்து புதியவற்றுக்கு வழி போட்டுக் கொடுப்பதை எனது கூலிக்குள்ளேயே சேர்த்துவிட்டேன்.

கடைசியாக, காலாவதி. தேதி தாண்டிய அன்றே பெயர் போய்விடாது. டாட் காம் போன்றவற்றில் சில வாரங்கள் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க விடுவார்கள். பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதற்குக் கட்டணம் பல மடங்கு. அதன் பின் 5 நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். அப்படி விழும் பெயர்களைப் பிடிப்பதற்கென்றே மென்பொருள் ஓட்டிக் காத்திருப்பவர்கள் உண்டு. ஒரு மனிதர் தேதியை மறந்தால் இதற்குள் நினைவுபடுத்திவிடலாம். மனிதரே இல்லாமல் போனால்தான் கஷ்டம். கடை முதலாளி காலமாகி, அவர் சிம்மைக் குடும்பம் ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, மின்னஞ்சலின் கடவுச்சொல் யாருக்கும் தெரியாமல், மகள் வந்து என் முன்னால் உட்கார்ந்தபோது ரெஜிஸ்ட்ராருக்கு இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் அனுப்பிப் பெயரை மீட்டோம். கொஞ்சம் முன்பே யோசித்திருந்தால் அந்த அலைச்சல் தேவைப்பட்டிருக்காது. இப்போது பதியும் அன்றே நான் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று: இரண்டாவது மின்னஞ்சலாக யாருடையதைப் போடலாம்? மகளா, மருமகனா, கடையில் நம்பிக்கையான பையனா? சிலர் உடனே சொல்வார்கள், சிலர் வீட்டில் கேட்டுவிட்டு மறுநாள் வருவார்கள். வரும் வரை படிவத்தை அனுப்பாமல் வைத்திருப்பேன்.